பங்குனி, சித்திரையில் தோட்டத்து வேலைகள்: கிணற்றுக் கணக்கு முதல் கோடை உழவு வரை

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் பங்குனியில் தரை முழுக்கக் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். மரங்கள் மட்டும் அந்த நேரம் பார்த்துத்தான் தளிர்விடும். வேம்பு செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, அதன் பின்னாலேயே பூவும் எடுக்கும். புங்கன் இலையை எல்லாம் கொட்டிவிட்டுக் கொஞ்ச நாளிலேயே பளபளவென்று நிற்கும். கல்யாண முருங்கையில் இலை இருக்காது, சிவப்புப் பூ மட்டும் இருக்கும். கடைசி மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் வசந்தம் இவ்வளவுதான்.

புதிதாக நிலம் வாங்கியவர்கள் இந்தப் பச்சையைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். மாங்கன்று, கொய்யாக் கன்று என்று நாற்றுப்பண்ணையில் இருந்து வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வருவார்கள். வைகாசி முடிவதற்குள் பாதி கருகிவிடும். தளிர்க்கிற மரத்துக்கு முப்பது நாற்பது அடி ஆழத்தில் வேர் இருக்கிறது. பையில் இருந்து நேற்று இறங்கிய கன்றுக்கு ஒரு சாண் வேர்கூட இல்லை. பங்குனியும் சித்திரையும் நடுகிற மாதங்கள் அல்ல. இருக்கிற தண்ணீரைக் காப்பாற்றவும், வரப்போகிற மழைக்கு மண்ணைத் திறந்து வைக்கவும் ஆன மாதங்கள். கீழே சொல்கிற வேலைகளின் வரிசையும் அந்த எண்ணத்தில் வந்ததுதான். மூன்று நான்கு ஏக்கர், ஒரு கிணறு அல்லது போர் (ஆழ்துளைக் கிணறு), கொஞ்சம் தென்னை, இரண்டு மாடு, சில ஆடுகள், ஒரு ஓட்டு வீடு என்று வைத்திருப்பவர்களை நினைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: தண்ணீர்க் கணக்கு

மோட்டார் போடுவதற்கு முன், விடியற்காலையில், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள். நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அளந்தால் நீர்மட்டம் தெரிந்துவிடும். மோட்டார் ஓடி நின்றதும் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை அளங்கள். ஒரு ராத்திரியில் கிணறு எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. வாரம் ஒருமுறை இதைக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். போராக இருந்தால் மட்டம் பார்ப்பது சிரமம். எத்தனை நிமிடம் ஓடியதும் தண்ணீர் காற்றோடு துப்ப ஆரம்பிக்கிறது என்று கவனித்தால் போதும். தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஸ்டார்ட்டரில் இல்லை என்றால் இந்த மாதத்திலேயே பொருத்திவிடுங்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்து, மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர். இப்போது செலவுப் பக்கம் வருவோம். மேற்கு மாவட்டங்களில் கோடையில் ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் ஒரு நாளைக்கு 65 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும் என்றால் ஏக்கருக்கு 4,550 லிட்டர். கறவை மாடு ஒன்று கோடையில் 60 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஆட்டுக்கு ஐந்தாறு லிட்டர். அப்புறம் வீட்டுச் செலவு.

வரவு குறைவு என்று தெரிந்தால் யாருக்கு நிறுத்துவது என்பதைப் பங்குனியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். என் வரிசை இது: முதலில் குடிக்கும் உயிர்கள், பிறகு காய்க்கும் மரங்கள், பிறகு காய்கறிப் பாத்தி, கடைசியில் தீவனப் புல். பலருக்கு இது தலைகீழாகத் தெரியும், புல் இல்லாமல் மாடு எப்படி என்று கேட்பார்கள். சோளத்தட்டை விலைக்கு வாங்கலாம், வைக்கோலும் கிடைக்கும். இருபது வயதுத் தென்னை காய்ந்துபோனால் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். அதில் எதுவுமே பிழைக்காது.

சொட்டுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்வதும் இந்த வாரத்து வேலைதான். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் ஒவ்வொரு பக்கக் குழாயின் கடைசி மூடியையும் திறந்துவிட்டுத் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். அதிலும் தீராவிட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். குழாய்க் கடைசியில் வரும் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4-க்கு இறங்கும் அளவு கொடுத்து, மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு கழுவிவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

இரண்டாவது: தென்னையின் வட்டப்பாத்தி

தண்ணீர் கொடுப்பதைவிடக் கொடுத்த தண்ணீரை வெயில் குடிக்காமல் பார்ப்பது முக்கியம். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, அதற்குள் மூடாக்குப் போடுங்கள். நூறு தேங்காய் மட்டையை முதுகு மேலே பார்க்கும்படி கவிழ்த்து அடுக்கலாம். இல்லையென்றால் பதினைந்து காய்ந்த ஓலை, அதுவும் இல்லையென்றால் தென்னைநார்க் கழிவு பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு. காலையில் பத்து மணிக்கு மேல் மூடாக்கு ஓரத்தை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள். மேலே ஓலை சுடும். அடியில் மண் சில்லென்று இருக்கும், மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். ஓர் அடி தள்ளி, மூடாக்கு இல்லாத இடத்தில் மண் வெடித்து நகம் இறங்காது. இதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர்கள் ஓலையைக் கூட்டிக் கொளுத்த மாட்டார்கள்.

பாத்தி போடும்போதே ஓலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளை மெழுகு படிந்து, கீழ் அடுக்கு ஓலைகளின் மேல்பக்கம் கரி பூசியது போலக் கறுத்திருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் கண்டார்கள். இப்போது இல்லாத தோப்பு இல்லை. காய்ந்த கோடையில் இது பெருகும். மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். இந்த ஈயைத் தின்றே வாழும் என்கார்சியா என்ற சின்னக் குளவி தோப்புக்குள் தானாக வந்து சேரும். கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டுவதும் போதும். மரம் இரண்டு மழை கண்டதும் தேறிக்கொள்ளும்.

காண்டாமிருக வண்டு வேறு கதை. அது குருத்தைக் குடைவது மரத்தில், குஞ்சு பொரிப்பது நம் குப்பைக் குழியில். உழவுக்காக எருவைக் கிளறும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு தின்னும். மிச்சத்துக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்து லேசாக ஈரம் வைத்திருந்தால் அது பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது: கட்டுத்தறியும் பட்டியும்

மேய்ச்சலை விடிகாலைக்கும் நான்கு மணிக்கு மேலேயும் மாற்றுங்கள். நடுப்பகலில் மர நிழல்தான் நல்லது, தகரக் கூரை வேண்டாம். தகரம்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள். தண்ணீர்த் தாழியை நிழலுக்குள் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெந்நீராகக் கிடக்கிற தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அன்றைக்குச் சாயங்காலமே பால் குறைவது தெரியும்.

கொறங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் வெள்வேலங்காய் இருக்கிறது. உலுக்கிப் போட்டால் ஆடுகள் காயைத் தின்றுவிட்டு விதையைப் புழுக்கையோடு பரப்பிவிடும். கிளுவை வேலியில் இடைவெளி விழுந்திருந்தால் கொம்பு வெட்டி ஊன்றலாம், கிளுவை ஒன்றுதான் இந்த வெயிலிலும் பிழைக்கும். முதல் மழை பெய்ததும் கொறங்காட்டைச் சில வாரம் அடைத்து வையுங்கள். கொழுக்கட்டைப் புல் துளிர்க்கிற நேரத்தில் ஆடு வாய் வைத்தால் வருஷம் முழுக்கப் புல் எழாது.

தடுப்பூசியைச் சித்திரைக்கு முன் முடிப்பதற்குக் காரணம் உண்டு. மழை பெய்து இளம்புல் கிளம்பியதும் ஆடுகள் அதை அளவில்லாமல் தின்னும். துள்ளுமாரி நோய் வருவது அப்போதுதான். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு வர இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே மேகம் கூடியதும் ஓடுவதில் பயனில்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு தாங்கும், துள்ளுமாரி ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். மாடுகளுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கால்நடைத் துறையினர் ஊருக்கு வரும் தேதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சோளம் அறுத்த காட்டில் முதல் மழைக்கு அடித்தாளில் இருந்து மறுதுளிர் வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் சயனைடு நஞ்சு அதிகம். வாட்டத்தில் வளர்ச்சி குன்றிய இளஞ்சோளத்திலும் அப்படியே. பக்கத்துத் தோட்டத்தில் ஆடு மேய்க்கிற ஆத்தா என்னிடம் சொன்னது இது: "மழை பேஞ்ச மூணா நாளு சோளக்காட்டுல மாட்ட உட்ராத கண்ணு. ஒரு வாய் தின்னாலும் போயிரும். தட்டு காஞ்சு மஞ்சளாகட்டும், அப்பறம் என்னத்தயோ பண்ணிக்க." வாயில் நுரை, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் தெரிந்தால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கைவைத்தியத்துக்கு நேரம் இருக்காது.

நான்காவது: புளி, வேப்பம்பூ, விதை

எனக்குப் பிடித்த வேலை இதுதான், ஏனென்றால் உட்கார்ந்து செய்யலாம். புளி பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு காயை விரலால் அழுத்துங்கள். ஓடு சட்டென்று நொறுங்கி, உள்ளே பழம் தனியாக நிற்க வேண்டும். ஓடு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். கிளையைப் பிடித்து உலுக்குவதே நல்லது. கழியால் அடித்தால் அடுத்த வருஷம் பூக்க வேண்டிய நுனிகள் சேர்ந்து முறியும். எட்டாத இடத்துக்குத் துரட்டி போடலாம். ஆள் கிடைக்காதவர்கள் மரத்தை அப்படியே குத்தகைக்கு விடுகிறார்கள், அதிலும் தப்பில்லை. வீட்டுக்கு ஒரு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

பழத்தை ஓட்டோடு இரண்டு நாள் வெயிலில் போட்டு, ஓடு உடைத்து, நாரை உருவுங்கள். கொட்டை எடுக்க, வட்டமான கல்லின் மேல் பழத்தை விளிம்பு மேலே பார்க்க நிறுத்தி, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கொட்டை தெறித்து விழும், சதை கையிலேயே நிற்கும். ஓங்கி அடித்தால் கொட்டை உடைந்து சதையில் கலந்துவிடும். இரண்டு தட்டுக்கு ஒரு கொட்டை என்ற வேகம் கைக்கு வரச் சில நாள் ஆகும். எடுத்த புளியை இன்னொரு வெயில் காட்டி, கல்லுப்புச் சேர்த்துப் பிசைந்து, மண்பானையில் அமுக்கி அடைத்து, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். ஈரக் கை படவே கூடாது. ஆறு மாதத்தில் கறுத்துவிடும், ருசியும் கூடும். புதுப்புளியில் வைக்கிற ரசம் எனக்கு என்னவோ ஒட்டுவதில்லை.

நாள் முழுக்க இந்தத் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனசு தானாக ஓட ஆரம்பிக்கும். தை மாதம் வரை அறுவடை, விலை, கூலி என்று தலைக்குள் சத்தம். பங்குனியில் விற்க ஒன்றும் இல்லை, யாரிடமும் பேரம் பேச வேண்டாம். வருமானம் இல்லாத மாதங்கள் என்று முன்பு இவற்றைப் பற்றி எரிச்சல் இருந்தது. இப்போது, தோட்டத்தை முழுதாகப் பார்க்கக் கிடைக்கிற நேரம் இதுதான் என்று படுகிறது. பயிர் நிற்கும்போது கண் பயிரில்தான் இருக்கும். எந்த வரப்பு சரிந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடித் தொலைகிறது என்பதெல்லாம் வெற்று நிலத்தில்தான் தெரியும்.

வேப்பம்பூவுக்கு மெனக்கெட வேண்டாம். ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ கிடக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூ, மீதியை நிழலில் உலர்த்தி ரசத்துக்கு. ஆடிப்பட்டத்துக்கு வைத்திருக்கிற விதைகளை இந்த வெயிலில் எடுத்து உலர்த்திவிடுங்கள். துவரை, அவரைக்குச் செம்மண் பூசி வைப்பதும், சுரை, பீர்க்கு விதைகளைச் சாம்பலில் புரட்டி வைப்பதும் இன்றைக்கும் வேலை செய்கிற முறைகள்தான். உலர்த்திய சூடு ஆறின பிறகுதான் அடைக்க வேண்டும்.

ஐந்தாவது: வீடு, தீ, பாம்பு

ஓடு மாற்றுவதைச் சித்திரைக்குள் முடியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் கூரை மேல் ஆள் நிற்க முடியாது. வீட்டையும் வைக்கோல் போரையும் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வையுங்கள்; யாரோ போடும் பீடித் துண்டு போதும். கிணறு தூர் வாருவதாக இருந்தால் ஆள் தனியாக இறங்கவே கூடாது. அடியில் தங்கியிருக்கும் காற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்களும் சேர்ந்து செத்த செய்தி வருஷா வருஷம் வருகிறது. காற்றை உள்ளே அடித்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்ற பிறகுதான் இறக்க வேண்டும்.

வெயிலுக்குப் பாம்புகள் ஈரம் தேடி வரும். தண்ணீர்த் தாழி, குளியலறை, செங்கல் குவியல், தேங்காய் மட்டைக் குவியல் எல்லாம் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். மட்டையை எடுக்கும்போது முதலில் கழியால் புரட்டுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் வாசல் தாண்ட வேண்டாம். புழுக்கத்துக்குத் தரையில் படுக்கத் தோன்றும், கட்டிலில் படுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வீட்டுக்குள் வரும், கடித்தது தெரியாமலே தூங்குகிறவர்கள் உண்டு. கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை கால் அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஆறாவது: குழி, வண்டல்

நடத்தான் கூடாது, குழி எடுக்கலாம். மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு வெயிலில் காயவிடுங்கள். கரையான் புற்றும் கோரைக்கிழங்கும் பாதி ஒழிந்துவிடும். ஏரி, குளம் காய்ந்திருக்கிற இந்த மாதங்களில் வண்டல் மண்ணுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்; விவசாயத்துக்கு என்றால் மண்ணுக்குக் கட்டணம் இல்லை, வண்டி வாடகைதான் நம் செலவு. மணற்பாங்கான நிலத்துக்குத்தான் வண்டல். ஏற்கெனவே களிமண்ணாக இருந்தால் கொட்டி இன்னும் இறுக்கிக்கொள்ளாதீர்கள். மண் பரிசோதனைக்கும் எரு போடுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்: பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரில் இருந்து சுரண்டி, கலந்து, அரைக் கிலோ.

ஏழாவது: முதல் மழையும் கோடை உழவும்

சித்திரையில் இடி இடித்து ஒரு மழை பெய்யும். வாளியோ டின்னோ, பக்கம் நேராக இருக்கிற பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்திருங்கள். உள்ளே நின்ற தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மழையளவு. 10 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டருக்கு மேல், நம் மோட்டார் ஆறேழு மணி நேரம் ஓடித் தர வேண்டிய தண்ணீர். ஆண்டுக்கே 700 மி.மீ. தாண்டாத ஊரில் இதை ஓடவிட்டால் வேறு எதைச் சேமித்து என்ன? நூறு சதுர மீட்டர் கூரையில் இருந்து அதே மழைக்கு 1,000 லிட்டர் வரும், முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்த மழையைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

20 மி.மீ.க்கு மேல் பெய்தால் உழலாம். உடனே அல்ல. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்கள். விழுந்து உதிர்ந்தால் பதம் சரி. உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உருட்டவே வரவில்லை என்றால் அடுத்த மழைதான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். டிராக்டர்காரர் நீளவாக்கில் ஓட்டத்தான் பார்ப்பார், திருப்புவது அவருக்கு லேசு. கூடவே நின்றால்தான் நடக்கும். சால் ஒவ்வொன்றும் சின்ன வரப்பாக நின்று தண்ணீரைப் பிடிக்கும். மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் மைனாவுக்கும் கொக்குக்கும் இரையாகும். படைப்புழு வந்த மக்காச்சோளக் காடாக இருந்தால் இந்த உழவைத் தவறவிடக் கூடாது.

ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை எதுவானாலும் சரி, மண்ணைச் சுழற்றிப் பொடியாக்குகிற ரோட்டவேட்டர் மட்டும் வேண்டாம். மண் மாவாகி அழகாகத் தெரியும். ஆடிக் காற்றுக்கு அந்த மாவுதான் முதலில் பறக்கும், அடுத்த பெருமழைக்கு மேலே ஆடையாக இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. கட்டி கட்டியாகக் கிடக்கட்டும். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சொல்வது உழுது காயப்போட்ட மண்ணைத்தான். எருவை உழவுக்கு முந்தின நாள் சாயங்காலம் இறக்கி, காலையில் விசிறி, அன்றைக்கே உழுது மூடிவிடுங்கள். வாரக்கணக்கில் சின்னச் சின்னக் குவியலாக வெயிலில் கிடந்தால் சத்தெல்லாம் காற்றோடு போய் வெறும் நார்தான் மிஞ்சும்.

அடுத்த மழை தொடர்ந்து வந்தால் சணப்பு, தக்கைப்பூண்டு, கம்பு, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு என்று கையில் இருக்கிற விதைகளைக் கலந்து விதைத்து, பூ எடுக்கும்போது பசுந்தாள் உரமாக மடக்கி உழலாம். வராவிட்டால் நிலம் சும்மா கிடக்கட்டும். கன்று நடுவதை ஆடிக் காற்று அடங்கும் வரை தள்ளிப் போடுங்கள். புரட்டாசி பிறந்து, வடகிழக்கில் மேகம் கூட ஆரம்பித்ததும், காய்ந்து கிடக்கிற குழியில் மேல்மண்ணையும் எருவையும் தள்ளி நடலாம்.